இருநூறு வருஷம் தாங்கும் சாமான்கள்

மிக்சி வேண்டாம் என்று சொன்னதும் முத்தரசியின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு இது பழக்கம்தான். மிக்சியில்தான் எல்லாரும் முதல் முறையாக என்னை வெறுக்கத் தொடங்குகிறார்கள். பட்டுப்புடவை வரும்போது வெறுப்பு முற்றிவிடும். கல்யாண ஆல்பம் வந்தால் சிலர் வீடியோவை அணைத்துவிட்டுப் போய் அழுதுவிட்டு வருவார்கள்.

என் பெயர் திலகராணி, சொந்த ஊர் சிவகாசி. சிலி நாட்டின் தென்கோடியில், உலகத்துக் காற்றெல்லாம் வந்து முட்டிக்கொள்ளும் ஒரு துறைமுகத்தில் சாமான் பரிசோதகராக இருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து இங்கே குடிவருகிறவர்களின் வீட்டை வீடியோவில் அறை அறையாகப் பார்த்து, எதை அனுப்பலாம், எதை விட்டுவிட்டு வர வேண்டும் என்று சொல்வது பாதி வேலை. வந்து சேர்ந்த கன்டெய்னரைத் திறந்து பார்ப்பது மீதி வேலை. முதல் பாதியில் திட்டு வாங்குவேன், இரண்டாம் பாதியில் நன்றி வாங்குவேன். கணக்குக்குச் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

முத்தரசி தூத்துக்குடியில் போனைக் கையில் பிடித்தபடி அடுக்களையில் நின்றாள். அவள் கணவன் சுடலைமணி இங்கே என் பக்கத்தில் நின்றான். காற்றாலை மெக்கானிக். கல்யாணமான மூன்றாம் மாதம் இங்கே வந்தவன். அதன்பிறகு ஐந்து வருஷமாக இருவரும் போனில்தான் குடும்பம் நடத்துகிறார்கள். குடும்ப அனுமதி இப்போதுதான் கிடைத்திருந்தது. அதிலும் ஒரு முடிச்சு உண்டு. வீட்டுச் சாமான் இங்கே வந்து இறங்கி, பரிசோதனையில் தேறினால்தான் அனுமதி செல்லும். தெரிந்தே ஏதாவது கோளாறு செய்திருந்தால் அனுமதி ரத்து. பிறகு ஆயுசுக்கும் கேட்க முடியாது.

அதனால்தான் சுடலைமணி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தான். மிக்சியா, விட்டுரு. பிளாஸ்டிக் நாற்காலியா, அதையும் விட்டுரு. பெண்டாட்டி வந்தால் போதும், தரையில் உட்கார்ந்துகொள்ளலாம் என்கிற நிலையில் இருந்தான்.

முத்தரசி அப்படி விடுகிற ஆள் இல்லை. எல்லாரும் கேட்பதை அவளும் கேட்டாள்.

"ஒரு நிமிசத்துல வந்து சேருத சாமான் எப்படி மேடம் பழசாவும்?"

"நமக்குத்தான் ஒரு நிமிஷம். கன்டெய்னருக்கு உள்ளே இருக்கிறதுக்கு இருநூறு வருஷம். கப்பல்ல வந்தா தூரத்தைக் கடக்கணும். மடையில தூரமே கிடையாது. அதுக்குப் பதிலாக் காலத்தைக் கொடுக்க வேண்டியிருக்கு."

"ஏன் அப்படி?"

"கண்டுபிடிச்சவங்களுக்கே தெரியாதும்மா."

மடை வந்து இருபது வருஷம் ஆகிறது. அங்கே ஒரு வாய், இங்கே ஒரு வாய். அந்த வாயில் கன்டெய்னரைத் தள்ளினால் இந்த வாயில் வந்து நிற்கும். எண்ணெய் வேண்டாம், மாலுமி வேண்டாம். சரக்குக் கப்பல்களை எல்லாம் உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மனிதர்கள் மட்டும் இன்னமும் விமானத்தில் வருகிறார்கள், ஆளுக்கு ஒரு பெட்டியோடு. பணக்காரர்கள் சாமானையும் விமானத்திலேயே ஏற்றிவிடுவார்கள். மற்றவர்களுக்கு மடைதான் கதி. அதனால் உலகம் முழுக்கக் குடிபெயர்ந்தவர்களின் வீடுகள் ஒரே மாதிரி ஆகிவிட்டன. எவர்சில்வர், பித்தளை, கருங்கல், கண்ணாடி. அவர்கள் வீட்டில் எதை வைத்தாலும் சத்தம் கேட்கும். மெத்தென்று ஒரு பொருள் இருக்காது.

மடைக்குள் ஒரு வெளிச்சம் வேறு உண்டு. சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்து வெளிச்சம் அளவுக்கு மங்கலாக இருக்கும். இரும்பையும் ஊடுருவி உள்ளே வந்து, எல்லாத் திசையிலிருந்தும் விழும். எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. இருநூறு வருஷம் அதில் கிடக்கிற போட்டோ வெள்ளைத் தாளாகிவிடும். ஆல்பத்தை ஏன் விட்டுவிட்டு வர வேண்டும் என்று முத்தரசி கேட்டபோது இதைச் சொன்னேன். அவள் அழவில்லை. ஆல்பத்தைத் திறந்து, ஒரே ஒரு படத்தை உருவி, விமானத்தில் கொண்டுவரும் கைப்பையில் வைத்தாள்.

"யாரு படம்?" என்று சுடலைமணி ஆவலாகக் கேட்டான்.

"நான் மட்டும் நிக்க படம். அதுலதான் நான் நல்லா இருக்கேன்."

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

அடுத்து ஒவ்வொன்றாக வந்தது. குக்கர் வரலாம், அதன் ரப்பர் வளையம் வராது. கிரைண்டரின் கல் வரலாம், மோட்டார் வேண்டாம். பீரோ துருப்பிடிக்கும், ஆனாலும் தாங்கும். பட்டுப்புடவை பொடியாகிவிடும், ஜரிகை மட்டும் மிஞ்சும். இரும்புக் கட்டில் சரி. இலவம்பஞ்சு மெத்தையையும் வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஆனால் பாத்திரங்கள் இடிபடாமல் இருக்க அதைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தேன். மட்கினால் மட்கிவிட்டுப் போகட்டும். ஒரு வீட்டையே முன்னால் வைத்துக்கொண்டு, நமக்குப் பின் ஏழு தலைமுறை கழித்து இதில் என்ன இருக்கும் என்று கேட்கிற வேலை இது. எத்தனை வருஷம் செய்தாலும் சில சமயம் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். நாம் நம்முடையது என்று நினைப்பதில் முக்கால்வாசி, நமக்குக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பாத்திரங்கள் வந்தன. பித்தளைக் குடம், தவலை, அரிசிப் பானை, பருப்புத் தூக்கு, அடுக்கடுக்காக எவர்சில்வர் சம்படங்கள். எல்லாம் பளபளவென்று விளக்கித் துடைத்து இருந்தன.

"எல்லாம் வரலாம். ஆனா காலியா, உலர்ந்து இருக்கணும். ஒரு மணி அரிசி இருக்கக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது."

முத்தரசி தவலையின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"புது வீட்டுக்கு வெறும் பாத்திரமாவா அனுப்ப? பக்கத்து வீட்டுக் கிண்ணத்தத் திருப்பிக் குடுத்தாலே ஒரு பிடி சீனி போட்டுத்தானே குடுப்போம்."

எனக்குத் தெரியாததா? சிவகாசியிலும் அப்படித்தான். யார் வீட்டுப் பாத்திரமும் வெறுமையாக வாசல் தாண்டாது. ஆனால் இந்த நாட்டுச் சட்டத்துக்குச் சிவகாசி தெரியாது. கன்டெய்னருக்குள் ஏதாவது உயிர் நுழைந்து, இருநூறு வருஷம் தனியாகப் பெருகி, உலகம் பார்க்காத நோயாக வந்து இறங்கிவிடும் என்று இவர்களுக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானதும்கூட. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். சுடலைமணியும் தன் பங்குக்குக் கெஞ்சினான். அவள் சரி என்று சொன்னாள். நான் அடுத்த சாமானுக்குப் போனேன்.

கன்டெய்னர் புறப்பட்ட அன்று, இங்கே கோடை வெயில் எட்டிப் பார்த்த விடியற்காலையில், பரிசோதனைக் கொட்டகையில் கூலியாட்களைத் தவிர நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், சுடலைமணி, என் மேலதிகாரி இக்னாசியோ. இக்னாசியோ சட்டம் பேசுகிற மனிதர், கெட்டவர் இல்லை. முத்தரசி தூத்துக்குடித் துறையில் மதிய வெயிலில் நின்று போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கன்டெய்னரைத் தள்ளுவது அவள் போனில் தெரிந்தது. அவள் ஒரு மூச்சு விட்டு முடிப்பதற்குள் எங்கள் முன்னால் அது நின்றது. பெயின்ட் எல்லாம் உதிர்ந்து, செம்மண் நிறத்தில் துரு ஏறி, நூறு மழைக்காலம் பார்த்த பழைய பாலம் போல இருந்தது. எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கணத்தில் என் கை தானாக நெஞ்சுக்குப் போய்விடும்.

தாழ்ப்பாளை வெட்டிக் கதவை ஒரு முழம் திறந்தார்கள். முதலில் மணம் வந்தது. ஈர மண்ணின் மணம். இரும்பும் பித்தளையும் ஏற்றிய பெட்டியிலிருந்து அது வரவே கூடாது. இக்னாசியோ எங்களைப் பின்னுக்கு இழுத்தார். நான் டார்ச்சை உள்ளே அடித்தேன்.

உள்ளே காடு இருந்தது.

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தரையிலிருந்து, சுவரிலிருந்து, கூரையிலிருந்து கொடிகள் புறப்பட்டு நடுவில் வந்து பின்னிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு வெளிச்சம் எல்லாப் பக்கமும் இருந்ததால் மேல் கீழ் என்ற பேதமே இல்லை. இலைகள் பச்சையாக இல்லை. கிட்டத்தட்டக் கறுப்பு. கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தில் துளிகூடத் தப்பவிடக் கூடாது என்று உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தன. இடையிடையே வெள்ளைப் பூக்கள். கட்டில் இருந்த இடம் ஒரு மேடாகத் தெரிந்தது. தவலை வேருக்குள் பாதி புதைந்து, அதற்குள்ளிருந்து ஒரு கொடி கிளம்பியிருந்தது. மெத்தை மண்ணாகிப்போயிருந்தது. பூவில் ஏதோ நகர்ந்ததைக் குனிந்து பார்த்தேன். தானியத்தில் வருகிற வண்டு. ஆனால் பால் நிறத்தில் இருந்தது, கண்கள் இல்லை.

சுடலைமணி எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போனான். வாசலோரம் தொங்கிய ஒரு காயைத் தொட்டுப் பார்த்தான்.

"இது பயறுல்லா" என்றான். "பாசிப்பயறு."

என் டார்ச் பட்ட இலைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டுகொண்டன. கொட்டகையின் ஜன்னல் வெயில் பட்ட இடத்தில் ஓரங்கள் கருகத் தொடங்கின. நான் டார்ச்சை அணைத்துவிட்டு ஜன்னல்களை மூடச் சொல்லிக் கத்தினேன். ஏன் என்று கேட்காமல் ஆட்கள் ஓடிப்போய் மூடினார்கள்.

பாசிப்பயறு வருஷத்துக்கு மூன்று போகம். இருநூறு வருஷத்துக்கு அறுநூறு தலைமுறை. மனிதர்களில் அறுநூறு தலைமுறை பின்னால் போனால், நெல் விதைக்கக்கூட நாம் கற்றிருக்க மாட்டோம். அத்தனை நீண்ட கதை இந்த இரும்புப் பெட்டிக்குள், முத்தரசி ஒரு மூச்சு விடும் நேரத்தில் நடந்து முடிந்திருக்கிறது. பிறந்து, காய்த்து, மட்கி, அந்த மட்கிலேயே மறுபடி பிறந்து. இந்தப் பூமியில் வேறு எங்கும் இல்லாத ஒரு உயிர் என் முன்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. துக்கத்தினால் இல்லை.

இக்னாசியோ தொப்பியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு அதிகாரி ஆனார். சட்டம் தெளிவாக இருக்கிறது, பெட்டியோடு எரிக்க வேண்டும் என்றார். ஒரு விலக்கு உண்டு. இது தன்னுடையது, தான்தான் வைத்தேன் என்று யாராவது சொன்னால், எரிக்காமல் மடை வழியே திருப்பி அனுப்பலாம். ஆனால் அப்படிச் சொன்னவர் இந்த நாட்டில் இருக்க முடியாது. வெளியே இருந்தால் வரவே முடியாது. யாரும் சொல்லாவிட்டால், தெரியாமல் நுழைந்த உயிர் என்று எழுதிவிட்டு எரித்துவிடலாம், குடும்ப அனுமதிக்குப் பாதகம் இல்லை. அவர் சொன்ன விதத்திலேயே எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்தது. அவருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு தெரியாது. நடுவில் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

போனில் முத்தரசிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சொல் விடவில்லை. பிறகு கேட்கப்படாத யோசனையையும் சேர்த்தேன். தெரியாது என்று சொல்லிவிடு, ஏதோ பெட்டி இடுக்கில் வந்திருக்கும் என்று சொல், அடுத்த வாரம் உன் புருஷனோடு இருக்கலாம் என்றேன். ஐந்து வருஷம் காத்திருந்தவர்களிடம் வேறு என்ன சொல்வது?

"அது உசுரோட இருக்காக்கா?" என்று கேட்டாள். அதுவரை மேடமாக இருந்தவள் நான்.

"இருக்கு."

"நான் பாக்கணும்."

சுடலைமணி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, வெளிச்சம் போடாமல், கதவுக்குள் ஓரடி நுழைந்து நின்றான். இருட்டில் அவனுக்கே சரியாகத் தெரிந்திருக்காது. இலைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை மட்டும் கேட்டது. தூத்துக்குடியில் அவள் திரையை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள்.

"ஒவ்வொரு பாத்திரத்துலயும் ஒரு பிடி பயறுதாங்க போட்டேன்" என்று மெதுவாகச் சொன்னாள். "குடத்துலயும் தவலையிலயும் தண்ணி. வேற ஒண்ணும் நெனைக்கல."

"தெரியும்" என்றான்.

"இத எப்படிங்க எரிக்க?"

அவள் என்னைக் கூப்பிட்டாள். அந்த அதிகாரியிடம் சொல்லுங்கக்கா, நான்தான் வச்சேன், எனக்குத் தெரிஞ்சேதான் வச்சேன் என்றாள். சொல் தெளிவாக இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் சுடலைமணி இக்னாசியோவைப் பார்த்துத் திரும்பினான். ஐந்து வருஷம் காற்றாலைக் கம்பங்களில் தொங்கிக் கற்ற ஸ்பானிஷில், இது என்னுடையது, வைக்கச் சொன்னது நான், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றான்.

"அவங்க என்னக்கா சொன்னாங்க?"

சொன்னேன். "பொய்" என்றாள் முத்தரசி. "அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க. நீங்களும் கேட்டீங்கல்லா. அவங்க அங்கயே இருக்கட்டும்க்கா, வேலயாவது மிஞ்சும்."

இக்னாசியோ என்னைப் பார்த்தார். இரண்டு பேரில் யார் என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் மொழிபெயர்ப்பு இவ்வளவு கனமாக இருந்ததில்லை. அவள் சொன்னதை மட்டும் சொன்னால், அவன் இங்கே தனியாக, அவள் அங்கே தனியாக. அவன் சொன்னதை மட்டும் ஏற்றுக்கொள்ளச் சொன்னால், அவன் ஊருக்குத் துரத்தப்படுவான், ஒருவர் சம்பாத்தியமாவது வேண்டுமே என்று அவள் அனுமதியோடு இந்தக் குளிருக்குள் யாருமில்லாமல் வந்து நிற்பாள். இரண்டும் ஒரே பிரிவுதான், திசைதான் வேறு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் தொலைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது.

பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேர் சொன்னதையும் சொன்னது போலவே சொன்னால் என்ன?

"இருவருக்கும் சொந்தம்" என்றேன் ஸ்பானிஷில். "அவள் வைத்தாள் என்கிறாள். தான் சொல்லி வைத்தாள் என்று அவன் சொல்கிறான். நானாக எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை."

இக்னாசியோ சட்டத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். இருவருக்கும் சொந்தம் என்றால் இருவரும் இந்த நாட்டுக்கு வெளியே. இருவரும் ஒரே ஊருக்கு. அது புரிந்ததும் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படியே ஆகட்டும் என்றார்.

சுடலைமணி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். ஐந்து வருஷ உழைப்பு, வேலை, வாடகைக்கு எடுத்து வெள்ளையடித்து வைத்திருந்த வீடு, எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் போனது. தூத்துக்குடியில் அவனுக்கு வேலை எதுவும் காத்திருக்கவில்லை. அங்கிருந்த காற்றாலைகளைக் கழற்றி எத்தனையோ வருஷம் ஆகிறது. எல்லாம் எனக்குத் தெரியும். போனில் முத்தரசி, ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் நிமிர்ந்து, "எந்த பிளேன் கெடைக்கோ அதுல வாரேன்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

கதவை மூடி மறுபடி தாழ் போட்டோம். கொடிகள் நசுங்காமல் இருக்க இக்னாசியோவே கையால் அவற்றை உள்ளே ஒதுக்கிவிட்டார். அவர் அதைச் செய்ததைச் சட்டப் புத்தகத்தில் எங்கும் பார்க்க முடியாது. கன்டெய்னர் மடைக்குள் போனது. இன்னும் இருநூறு வருஷம், மேலும் அறுநூறு தலைமுறை.

அங்கே அது வந்து நின்றதை முத்தரசியின் போனில் பார்த்தோம். துரு இன்னும் தடித்திருந்தது, ஆனால் எங்கும் ஓட்டை விழவில்லை. மடையிலிருந்து உயிரோடு ஒரு பொருள் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று தூத்துக்குடியில் எந்தச் சட்டமும் இல்லை. இதுவரை எதுவும் வந்ததில்லை. ஆளுக்கு ஆள் மேலிடத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். முத்தரசி யாரையும் கேட்காமல் கன்டெய்னருக்குப் பக்கத்தில் போனாள். சுற்றிலும் வெள்ளை வெயில், தார்த் தரையில் கானல். கதவில் கை வைத்தாள். திறந்துவிடுவாளோ என்று எனக்குப் பதறியது. அவள் திறக்கவில்லை. இரும்பில் காதை வைத்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"என்ன கேக்குது?" என்றான் சுடலைமணி.

அவள் போனையே இரும்பின் மேல் வைத்தாள். எங்கள் பக்கம் கொட்டகையில் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. பிறகு நிறைய, இலை மேல் இலையாக, விடாமல். நானூறு வருஷமாக மூடிக் கிடந்த பெட்டிக்குள், அந்தக் கொடிகள் விட்ட மூச்செல்லாம் கூரையில் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள மழ பெய்யுதுங்க" என்றாள்.

சுடலைமணி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நான் வந்த பிறகு திறப்போம், அதுவரைக்கும் வெயில் படாமல் ஏதாவது போட்டு மூடி வை என்றான்.

"திறக்கல" என்றாள் முத்தரசி, இன்னும் காதை எடுக்காமல். "பெஞ்சு முடியட்டும்."